கல்வராயன் வளைவுல கத்துன மீட்டர்

பேய், முனி, காத்து கருப்புன்னு எவனாவது பேச ஆரம்பிச்சா நான் எழுந்து போயிடுவேன். கள்ளக்குறிச்சியில கார் மெக்கானிக் கடை வச்சிருக்கேன். எட்டாவதோட படிப்பு நின்னு போச்சு. ஒயர்ல கரண்ட் வந்தா வருது, வரலன்னா வரல, நடுவுல ஒண்ணும் கெடையாது. இத்தப் படிச்சிட்டு நீங்க சிரிச்சாலும் சரி, நடந்தத எழுதறேன்.

வெள்ளிமலை ஏழுமலை நம்ம கடைக்கு வர்றவன். பழைய டீசல் கார் ஒண்ண வாடகைக்கு ஓட்டறான். அவன் சம்சாரம் மல்லிகாவுக்கு கிட்னி போயிடுச்சு, வாராவாரம் கீழ எறங்கி வந்து ரத்தம் சுத்தம் பண்ணிக்கினு போவணும். மழையால போன தடவ வர முடியல. இந்தத் தடவயும் உட்டா உசுருக்கு ஆபத்துன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அன்னைக்குன்னு பாத்து மலைப்பாதையில பாதி எறங்கினதும் வண்டி நின்னு போச்சு.

சிக்னல் கெடைக்கிற எடம் வரைக்கும் ஏறிப் போயி போன் பண்ணான்.

"அண்ணே, செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆவல. அவளுக்கு மூச்சு வாங்குதுண்ணே."

ஆம்புலன்ஸுக்கும் சொல்லிட்டான், ஆனா அது மலை ஏறி வர நேரம் ஆவும். மழைக்கு பஸ்ஸும் ஓடல. நான் கோளாறு காட்டற ஸ்கேனரு, கரண்ட் பாக்கற மீட்டரு, அந்த வண்டியில அடிக்கடி போற சென்சார் புதுசா ஒண்ணு எடுத்துக்கினு பைக்ல ஏறுனேன்.

மத்தியானந்தான், ஆனா மேகம் எறங்கி ரோடே தெரியல. வளைவுல காரு நிக்குது. பக்கத்துல கோயிலும் இல்ல, சுடுகாடும் இல்ல, வெறும் மூங்கிலு. பின் சீட்டுல மல்லிகா, கால் ரெண்டும் வீங்கி, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது. பைக்ல உக்கார வச்சிக் கூட்டிக்கினு போவ வழியே இல்ல.

ஸ்கேனர் போட்டேன். கேம் சென்சார் சர்க்யூட்னு காட்டுச்சு. இன்ஜின் எந்த நெலையில சுத்துதுன்னு வண்டியோட கம்ப்யூட்டருக்கு சொல்றது அதுதான். அது சொல்லலன்னா டீசல் எப்ப அடிக்கிறதுன்னு தெரியாம வண்டி சும்மா சுத்தும். புது சென்சார் மாட்டுனேன். ஆவல. பிளக்குல மீட்டர் வச்சிப் பாத்தேன். அஞ்சு வோல்ட் வருது, எர்த்தும் இருக்குது. அப்ப சிக்னல் ஒயர்தான். மீட்டரோட ஒரு முனைய பிளக்குலயும் இன்னொரு முனைய கம்ப்யூட்டர் பொட்டி பக்கத்துலயும் குத்தி, மீட்டர் குமிழ சத்தம் போடற எடத்துக்குத் திருப்பி வச்சேன். ஒயர் நல்லா இருந்தா மீட்டர் கத்தும். கத்தல. எங்கியோ உள்ள அறுந்திருக்குது.

எங்கன்னு தெரியணுமே. அந்த ஒயர் மத்த ஒயருங்களோட சேந்து டேப் சுத்தி இன்ஜினுக்குப் பின்னால போவுது, மொத்தத்தையும் பிரிச்சா பொழுது போயிடும். அந்த நேரம் பாத்து மீட்டரும் மங்கி அணைஞ்சு போச்சு. அதோட பேட்டரிய கழட்டி சட்டையில தொடச்சேன். பின்னால மல்லிகா இருமுற சத்தம் மாறிப்போச்சு. ஏழுமலை அழுதுக்கினே ஓடியாந்து ஏதாவது பண்ணுண்ணேன்னான்.

நான் இன்ஜினுக்கு அடியில கைய உட்டு, அந்த ஒயர் கட்ட ஒவ்வொரு எடமா அமுக்கி வளைச்சிக்கினே போனேன். இல்ல. இல்ல. காரு பேட்டரி வைக்கிற தட்டுக்குப் பின்னால கை போச்சு, கீங்குன்னு மீட்டர் கத்துச்சு. கைய எடுத்தேன், நின்னுச்சு. அமுக்குனேன், கத்துச்சு.

டேப்ப அறுத்தேன். ஒயர் பச்சை பூத்து இத்துப்போயி கெடக்குது. அதுக்கு மேல காஞ்சு ஒட்டிக்கினு ஒரு எலுமிச்சம்பழம். கண்ணு படக்கூடாதுன்னு ஏழுமலை பூஜை போட்ட பழத்த பானெட்டுக்குள்ள சொருகி வச்சிருக்கான், அது நசுங்கி சாறு எறங்கி ஒயர தின்னுடுச்சு.

பின் சீட்டுல இருந்து மல்லிகா மெதுவா சொல்லிச்சு, "இந்தாளு மாத்திரைய மறப்பாரு, பழத்த மறக்க மாட்டாரு."

அந்த நெலையிலயும் எனக்கு சிரிப்பு வந்துச்சு. ஒயர சீவி முறுக்கி டேப் சுத்துனேன். சாவியப் போட்டதும் ஒரே சுத்துல புடிச்சிக்கிச்சு. அந்த சத்தத்த என்னால எழுத்துல சொல்ல முடியாது. இத்தினி வருஷத்துல எத்தினியோ இன்ஜின ஸ்டார்ட் பண்ணி இருக்கேன், அப்பிடி ஒண்ணு கேட்டதில்ல. பைக்க அங்கியே போட்டுட்டு நானே ஓட்டுனேன், வளைவுக்கு வளைவு ஆரன் அடிச்சிக்கினு மேகத்த கிழிச்சிக்கினு எறங்குனோம். ஆஸ்பத்திரியில மல்லிகாவ மெஷின்ல போட்டாங்க. கொஞ்ச நேரத்துல நர்சம்மா வெளிய வந்து, சரியான நேரத்துக்கு வந்துட்டீங்கன்னாங்க. ஏழுமலை என்னக் கட்டிப் புடிச்சிக்கினான். ராஜா மாதிரி வெளிய வந்து பீடிக்கு சட்டப் பையில கைய உட்டேன்.

மீட்டரு பேட்டரி வந்துச்சு.

மல்லிகா இருமுனப்ப பதறி பையில போட்டது. திரும்ப மாட்டவே இல்ல. காருக்குப் போயி மீட்டர் பின்மூடியக் கழட்டிப் பாத்தேன். காலி.

எனக்குத்தான் மண்டையில கேட்டிருக்கும்னு நெனச்சேன். மல்லிகா தேறி வந்ததும் பேட்டரி விஷயத்த சொல்லாம, அன்னைக்கு இன்னா கேட்டுச்சுன்னு மட்டும் கேட்டேன். "கீங்கு கீங்குன்னு ரெண்டு தடவ கேட்டுச்சிண்ணா, அப்பதான் பொழச்சிக்குவேன்னு தோணுச்சு"ன்னுச்சு.

மீட்டர கடை ஆணியில மாட்டிட்டேன். போன ஆயுத பூஜைக்கு ரெண்டு பேரும் காரோட வந்தாங்க. மல்லிகா தெம்பா நின்னு எல்லாருக்கும் பொரி குடுத்துக்கினு இருந்துச்சு. சக்கரத்துக்கு அடியில பழம் வச்சி நசுக்குனோம். ஒரு பழம் மீந்துச்சு. ஏழுமலை பழக்கத்துல அத்த எடுத்துக்கினு பானெட்டத் தொறந்தான்.

ஆணியில இருந்து கீங்குன்னு ஒரு சத்தம்.

மூணு பேரும் ஆணியத் திரும்பிப் பாத்தோம். ஏழுமலை பழத்த கீழ வச்சிட்டான். பேட்டரி இன்னும் என் மேஜை டிராயர்லதான் கெடக்குது.