வெயில் காய வந்த தோல்

நான் இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் நம்பற ஆளே இல்லைங்க. கோயம்புத்தூர்ல ஸூவாலஜி படிச்சவ, தவளையும் எலியும் அறுத்துப் பாத்தவ, செத்தது செத்ததுதான்னு இருந்தவ. நீங்களும் நம்ப மாட்டீங்க, பரவால்ல, நடந்ததைச் சொல்லிடறேன்.

ஹூஸ்டன் வந்து ஆறு வருஷம் வீட்லயே உக்காந்திருந்தேன். வீட்டுக்காரர் விசாவுல வந்ததால எனக்கு வேலை செய்ய பர்மிட் இல்ல. அது கிடைச்சதும் முதல் வேலை ஒரு மியூசியத்துல. பீரோ பீரோவா, தோலுக்குள்ள பஞ்சு அடைச்சு பாடம் பண்ணின மிருகங்க இருக்கும், ஒவ்வொண்ணையும் ஸ்கேல் பக்கத்துல வெச்சு போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்தணும். மூணு மாச கான்ட்ராக்ட், நல்லா செஞ்சா பர்மனென்ட்னு சொல்லியிருந்தாங்க.

ஆஸ்திரேலியா டிராயர்லதான் அது இருந்துச்சு. உள்ளங்கை நீளம், ஊசி மூக்கு, எலின்னுதான் நெனச்சேன். லேபிளைப் பாத்து தேடிப் படிச்சா எலியே இல்ல, கங்காரு மாதிரி குட்டியை வயித்துப் பையில வளக்கற ஜாதி, ஆனா மாமிசம் தின்னும். பாலைவனத்துப் பாறை இடுக்குல பூச்சி, பல்லி புடிச்சுத் திங்கும், காலைல பாறை மேல ஏறி வெயில் காயும். ஸூவாலஜி படிச்ச நானே கேள்விப்பட்டதில்ல. கண்ணு இருந்த எடத்துல வெறும் பஞ்சு.

மறுநாள் காலைல ரூமைத் திறந்தா அது ஜன்னல் திட்டு மேல கெடக்குது. ஜன்னல் பிளைண்ட்ஸ்ல ஒரு பட்டி ஒடஞ்சு, அது வழியா கொஞ்ச நேரம் வெயில் விழும், சரியா அந்த வெயில்ல. நான்தான் மறந்து வெச்சுட்டேன் போலன்னு உள்ள வெச்சேன். அதுக்கடுத்த நாளும் அது அங்கயே கெடந்ததை எனக்கு முன்னாடி மேனேஜர் மார்கரெட் பாத்துட்டாங்க. வெயில் பட்டா தோல் வெளுத்துடும், இன்னொரு தடவை இப்படி ஆனா உன்னை வெச்சுக்க முடியாதுன்னு மெதுவாத்தான் சொன்னாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, "பூட்டி சாவியை நீயே வெச்சுக்கோ, ஒண்ணும் ஆகாது"ன்னாரு.

அப்படியே செஞ்சேன். சாவி என் கழுத்துச் செயின்ல. மறுநாள் சீக்கிரமா போய் பீரோவுக்கு எதிர்லயே சேரைப் போட்டு உக்காந்தேன். பீரோ பூட்டித்தான் இருக்கு, திட்டு காலியாத்தான் இருக்கு. வெயில் வந்துச்சு. போன் சார்ஜரைச் சொருக ஒரு தடவை குனிஞ்சேன், அவ்வளவுதாங்க. நிமிந்தா அது வெயில்ல படுத்திருக்கு. பீரோவை இழுத்துப் பாத்தேன், பூட்டு பூட்டினபடி இருக்கு.

ஓடிப் போயிருக்கணும், ஆனா மார்கரெட் வர்ற நேரம், வேலை போயிடுமேன்னு கையில எடுத்தேன். அதோட முதுகு சுட்டா வெயில்னு சொல்லலாம், வயிறும் சுட்டுச்சு. என் விரலுக்கடியில டக் டக் டக்னு ஏதோ வேகமா அடிச்சுச்சு. உள்ள பஞ்சும் கம்பியும்தாங்க, எனக்குத் தெரியாதா? கீழ போடவும் பயம், புடிச்சிருக்கவும் பயம்.

அன்னைக்கு மார்கரெட்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவங்க சிரிக்கல. ஜன்னலை கறுப்புப் பேப்பர் போட்டு ஒட்டிட்டு, "இனிமே வெயில் வராது, நீ வேலையைப் பாரு"ன்னாங்க. நெஜமாவே அப்புறம் அது வெளிய வரல. வேலையும் பர்மனென்ட் ஆச்சு.

ஒரு மாசம் கழிச்சு பூச்சி கண்ட்ரோல் ஆள் வந்தாரு. தோலை அரிக்கற வண்டு விழறதுக்குன்னு தரையில பசை அட்டை வெச்சிருப்பாங்க. எங்க ரூம் அட்டைல வண்டே இல்ல, ஒட்டினபடி றெக்கையும் காலும் மட்டும் கெடந்துச்சு.

அதே வாரம் போட்டோ தெளிவா இல்லன்னு அந்த டிராயரை மறுபடி எடுக்கச் சொன்னாங்க. எடுத்து முடிச்சு பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். இந்த ஜாதி நல்லா தின்னா கொழுப்பை வால்லதான் சேத்து வெக்குமாம். பழசுல வால் காஞ்ச குச்சி. புதுசுல சின்ன கேரட் சைஸ். லைட்டிங் வித்தியாசம்னு மார்கரெட் சொன்னாங்க. ரெண்டுலயும் பக்கத்துல ஸ்கேல் இருக்குங்க, நான் அளந்து பாத்தேன்.