பேடு ஷார்ட்ஸும் எங்கள் அண்ணாச்சியின் வாயும்

திங்கட்கிழமைப் பஞ்சாயத்து

காலடிப்பேட்டையில் எங்கள் சைக்கிள் கடை ஷட்டரை அப்போதுதான் தூக்கியிருந்தேன். டில்லிபாபு வந்து நின்றான். மணலியில் ஒரு கம்பெனி கேட்டில் டேங்கர் லாரிகளைச் சோதித்து உள்ளே அனுப்புகிற வேலை அவனுக்கு. என் தம்பி வயது, அதனால் அவன் என்றே எழுதுகிறேன். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. முந்தின வாரம் நான் விற்ற உட்காருமிடத்தில் மெத்தை மாதிரி பேடு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸைப் பையிலிருந்து எடுத்துக் கவுண்டர் மேல் போட்டான்.

"யக்கா, இன்னாக்கா ஐட்டம் குட்த்துகீற? தொடையில தோல் உரிஞ்சி பூட்ச்சி. நேத்து முச்சூடும் நின்னுகினே சோறு துன்னேன். எங்க செட்டு பசங்க அத்தினி பேருக்கும் இதே பேஜாரு. இத்த நீயே வெச்சிக்கோ. அப்டியே என் சைக்கிளுக்கும் ஒரு ஆள் பாத்து வித்துக் குடு."

ஷார்ட்ஸ் திரும்பி வந்தால் பரவாயில்லை. சைக்கிளையே விற்கிறேன் என்கிறானே!

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த காலத்தில் இது பால்காரர் சைக்கிளுக்கும் மூன்று சக்கர வண்டிக்கும் சாமான் விற்ற கடை. பிறகு துறைமுகத்திலும் ஃபேக்டரிகளிலும் வேலை பார்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை விடியலில் எண்ணூர் ரோட்டில் ரோடு சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கென்று ஓர் அலமாரி போடலாம் என்று முதலாளியை நச்சரித்தது நான்தான். முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி.

"தீவாளி வரைக்கும் பாப்போம் ஸ்டெல்லா. ஓடலன்னா அலமாரியத் தூக்கிட்டுக் கொழந்த சைக்கிள நிறுத்திருதேன், பாத்துக்கோ" என்று சொல்லியிருந்தார். டில்லிபாபு வாங்கினால்தான் அவனோடு மிதிக்கிற செட்டில் மற்றவர்கள் வாங்குவார்கள்; இந்த ஷார்ட்ஸையும் அவனைப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார்கள். அவன் சைக்கிளை விற்றால் என் அலமாரிக்கும் அன்றோடு மங்களம்.

பட்ஜெட்டில் வாங்குவது எப்படி

அவனுக்கு நான் கண்டதையும் கட்டிவிடவில்லை. முதலில் வந்தபோது போனில் ஒரு படத்தைக் காட்டி, "இந்த மாதிரி வெயிட்டு கம்மியா வீலு வேணும்க்கா" என்றான். "உன் தொப்பையைக் குறை, சைக்கிள் தானா வெயிட்டு குறையும்" என்றேன். சிரித்தான். நான் நிஜமாகத்தான் சொன்னேன்.

இங்கே சைக்கிள் மிதிக்கிறவனுக்கு முதல் செலவு டயர். கன்டெய்னர் லாரி டயர் வெடித்தால் உள்ளே இருக்கிற கம்பி பொடிப்பொடியாக ரோட்டில் கிடக்கும். மெல்லிசு டயர் அதற்குத் தாங்காது. கொஞ்சம் தடிமனாகப் போட்டுக் கொடுத்தேன். அடுத்தது பிரேக் கட்டை. செயினை மட்டும் விலை குறைந்ததாகவே எடுக்கச் சொன்னேன். கடல் காற்றில் எந்தச் செயினும் துரு ஏறும், அடிக்கடி மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். ஜெர்சி வேண்டாம் என்றேன். அவனிடம் இருந்த ஃபுட்பால் டி-ஷர்ட்டின் முதுகில் இரண்டு பாக்கெட் வைத்து, துறைமுகத்து ஜாக்கெட்டில் இருக்கிற மாதிரி பளபளக்கும் பட்டையை முன்னும் பின்னும் பக்கத்துத் தையல்காரரிடம் தைக்கச் சொன்னேன். லாரிக்காரர் கண்ணில் பட்டால் போதும், ஃபேஷன் ஷோவுக்கா போகிறான்?

மிச்சம் பிடித்ததை எல்லாம் ஷார்ட்ஸில் போடவைத்தேன். உடம்பு சீட்டைத் தொடுகிற இடத்தில் கஞ்சத்தனம் கூடாது என்று பெரிய பேச்சு வேறு பேசினேன். அந்த ஷார்ட்ஸ்தான் இப்போது கவுண்டர் மேல் கிடந்தது.

வாய் திறக்காத நான்

தையலைத் திருப்பிப் பார்த்தேன். பேடு சரியாக இருந்தது. சைஸும் சரி. எனக்கு அப்போதே காரணம் புரிந்துவிட்டது. ஆனால் கேட்க வேண்டுமே! லோடு இறக்க வருகிற டிரைவர்களைத் தெருமுனை வரைக்கும் திட்டி அனுப்புகிறவள் நான். இந்த ஒரு கேள்விக்கு நாக்கு எழவில்லை.

"தம்பி... அன்னிக்கு ஓட்டும்போது... இதுக்கு உள்ள... வேற ஏதாவது..."

டில்லிபாபு தலையைக் குனிந்துகொண்டான். நான் கால்குலேட்டரைத் துடைத்தேன். கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது.

"அந்தப் பிள்ள என்ன கேக்குன்னு வெளங்கலயாடே? உள்ள ஜட்டி போட்டிருந்தியா, இல்லியா?"

எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

டில்லிபாபுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "போடாம இன்னா அண்ணாச்சி? தேரடி வழியா போறோம், பொம்பளைங்க மீன் வித்துகினு கீறாங்க. இது வேற தோலாட்டம் ஒட்டிகினு கீது. மானம் மருவாதி வேணாம்? ஒண்ணு இல்ல, ரெண்டு போட்டுகினோம். அல்லாரும் பேசி வெச்சிகினுதான் போட்டோம்!"

அண்ணாச்சி பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, அதற்குள் வருத்தமும் வந்தது. மரியாதையாகப் போக வேண்டும் என்று கூடிப் பேசி, செட்டே சேர்ந்து தோலை உரித்துக்கொண்டிருக்கிறது. விற்கும்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

வெட்கத்தை விட்டேன். "தம்பி, இந்தப் பேடு நேரா தோல்மேலதான் படணும். உள்ள ஜட்டி இருந்தா அதோட தையல் உரசியே புண்ணாக்கும். உள்ள ஒண்ணுமே போடக்கூடாது."

"ஐயையோ! அப்டியே எப்டிக்கா ரோட்ல போறது?"

"மானம் வெளியிலதானே தெரியணும்? உங்க அத்தனை பேர் வூட்லயும் ஃபுட்பால் டிரவுசர் கீது இல்ல? லூசா இருக்கிறதப் பாத்து எடுத்து இதுக்கு மேல போட்டுக்கோ."

டில்லிபாபு யோசித்தான். ஷார்ட்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தான். "தீவாளிக்கு முன்ன மாதவரத்துலேந்து ஒரு ரைடு கீதுக்கா. ஆந்திரா பக்கம் பூட்டுத் திரும்பணும், ஒரே நாள்ல இருநூறு கிலோமீட்டர். போன தபா பாதியில வேன்ல ஏத்திகினு வந்தாங்க. இந்த தபா முடிச்சேன்னா ஓட்றேன். இல்லாங்காட்டி சைக்கிள வித்துடுவேன்."

"நீ முடிச்சேன்னா அலமாரி இருக்கும். இல்லன்னா அதுவும் கெடயாது" என்றார் அண்ணாச்சி. தமாஷுக்குச் சொல்கிற ஆள் அல்ல அவர்.

மாதவரம்

ரைடு நாளன்று மாலை அண்ணாச்சியே கடையை முன்னதாகச் சாத்திவிட்டு, "வா, பாத்துட்டு வருவோம்" என்று வண்டியை எடுத்தார். மாதவரத்தில் ரைடு முடிகிற இடத்தில் டீக்கடை ஓரமாக நின்றோம். ஆறரைக்குள் வந்தால்தான் கணக்கு. உடம்போடு ஒட்டிய புதுப்புது உடுப்பில் ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் ஆளைக் காணோம். வாங்கின டீ என் கையிலேயே ஆறிப்போனது. அண்ணாச்சி மூன்றாவது டீ குடித்தார்.

ஆறே காலுக்கு மேல் ஒரு டேங்கர் லாரிக்குப் பின்னால் பளபளவென்று பட்டை தெரிந்தது. ஃபுட்பால் டி-ஷர்ட், முட்டி வரைக்கும் தொங்குகிற பச்சை டிரவுசர். டில்லிபாபு! எதிர்க்காற்றில் மிதித்து முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. நான் கத்தின கத்தலில் டீ மாஸ்டர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

அவன் காலை ஊன்றி நிற்பதற்குள் அண்ணாச்சி கூட்டத்துக்கு நடுவிலிருந்து கேட்டார்: "என்னடே, தோல் இருக்கா?"

"முழுசா கீது அண்ணாச்சி!"

அத்தனை பேரும் சிரித்தார்கள். புது உடுப்புக்காரர் ஒருவர் மட்டும் சிரிக்காமல் மெதுவாக என் பக்கம் வந்து, "மேடம், தோலுக்கு என்ன பண்ணினார்?" என்று கேட்டார். அவர் நடந்து வந்த விதத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் கால்குலேட்டரைத் தேடவில்லை. அந்த இடத்திலேயே, தெளிவாக, சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற இன்னும் இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

திரும்பி வரும்போது அண்ணாச்சி, "நாளைக்குத் திருப்பூர்க்காரனுக்குப் போன் போடு. இன்னொரு பெட்டி ஷார்ட்ஸ் அனுப்பச் சொல்லு" என்றார். பின்னால் உட்கார்ந்து நான் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

கடை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டயரையும் செயினையும் பற்றி எல்லோரும் பேசுவார்கள். வாங்குகிறவர் கேட்கக் கூசுகிற விஷயத்தை விற்கிறவர்தான் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். இப்போது ஆணோ பெண்ணோ, ஆபீசரோ லோடுமேனோ, ஷார்ட்ஸின் விலையைச் சொல்வதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன். முகம் சிவந்து போனவர்கள் உண்டு. விழுந்து விழுந்து சிரித்தவர்கள் உண்டு. தோல் உரிந்து திரும்பி வந்தவர் ஒருத்தர்கூட இல்லை.