ஆறு மலைகளைத் துடைத்த மதியம்

மலையை ஆறு பக்கத்திலிருந்து வரைவது என்று கிளம்பியபோது எனக்கு இருபத்தேழு வயது முடிய இரண்டு மாதம் இருந்தது. வடக்கே ஓர் ஊரில் உள்ள ஓவியக் கூடம் வருடத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஊர் ஊராகப் போய்த் தங்கி இயற்கைக் காட்சிகளை வரைய உதவித்தொகை கொடுக்கிறது. அவர்கள் கேட்பது வெளியில் உட்கார்ந்து, நேரில் பார்த்து வரைந்த ஆறு படங்கள். போட்டோ எடுத்து அனுப்பினால் செல்லாது, அசல் வேண்டும். இருபத்தேழு முடிந்தவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது. நான் ஏற்கெனவே இரண்டு முறை அனுப்பி, இரண்டு முறையும் படங்கள் வீடு திரும்பியிருந்தன. இது கடைசி.

“இதுவும் ஆவலன்னா இந்தப் படம் கிடமெல்லாம் மூட்ட கட்டிட்டு வேலைக்குப் போவணும். சரியா?” என்றார் அப்பா.

சரி என்று சொல்லியிருந்தேன்.

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அதற்கு மேல் ஓவியக் கல்லூரி. அங்கே என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதை வீட்டில் யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. யாராவது கேட்டால் அம்மா, “பெரிய காலேஜுல படிச்சான்” என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

நண்பனிடம் இரவல் வாங்கிய டெண்ட், ஒரு மொபெட், தண்ணீர் கேன், பலகைகள், நீர்வண்ண டியூப்கள். ஒன்பது நாளில் மலையைச் சுற்றி இடம் மாறி இடம் மாறித் தங்கினேன். கடைசியாக அடி அண்ணாமலையில், கடலை பிடுங்கி முடித்து வெறுமையாகக் கிடந்த ஒரு நிலத்தின் ஓரம் டெண்டை அடித்தேன். கிரிவலப் பாதை அங்கிருந்து கூப்பிடு தூரம். நிலத்துக்காரர் மறுநாளே வந்துவிட்டார்.

“என்னா தம்பி, சர்வேயரா? பிளாட் போடப் போறாங்களா?”

“இல்லீங்க. மலைய வரையறேன்.”

“மலைய எவன் வாங்கறான்?”

“யாரும் வாங்கலீங்க. பாத்து வரையறது, அவ்ளோதான்.”

“அதுக்கு வெயில்ல கூடாரம் போட்டு உக்காரணுமா? வூட்ல சண்டையா?” அவர் டெண்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். “இரு, இரு. பாம்பு மட்டும் ஜாஸ்தி. வந்துச்சுன்னா அதையும் வரைஞ்சிக்கினு உக்காராத. ஓடிடு.”

அந்த ஒன்பது நாளில் நான் கிழித்துப் போட்ட தாள்கள் அதிகம். பிறந்ததிலிருந்து பார்த்த மலை. பஸ்ஸுக்கு நிற்கும்போது, களை எடுக்கும் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது, எப்போதும் எதிரே இருந்த மலை. அதை வரைய உட்கார்ந்தால் காலண்டர் மலைதான் வந்தது. முக்கோணமாக, பச்சையாக, பொய்யாக. முதல் மூன்று நாள் ஒரு கோடு கூட உருப்படவில்லை. மத்தியானம் டெண்டுக்குள் வேர்த்து ஊற்றக் குப்புறப் படுத்துக்கொண்டு, அப்பா சொன்ன வேலைக்கே போய்விடலாம் என்று நினைப்பேன்.

நான்காம் நாள் காலையில் ஒன்றைக் கவனித்தேன். எட்டு மணி வாக்கில், ஈரமும் புழுதியும் கலந்து, மலையின் அடிப்பாகம் காணாமல் போய்விடுகிறது. மேல்பாதி மட்டும் எதன் மீதும் நிற்காமல் நிற்கிறது. அதைப் பிடிக்கத் தாளின் கீழ்ப்பகுதியை ஏறக்குறைய வெறுமையாக விட்டு, சாம்பலும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை ஒரே ஒரு முறை ஓட்டினேன். அது காயும்வரை மூச்சு விடவில்லை. காய்ந்ததும் மலை அந்தரத்தில் நின்றது. என் ஆறு படங்களிலும் என்னுடையது என்று சொல்ல இருந்தது அந்த மூட்டம் ஒன்றுதான். அதை வைத்து இந்த முறை எடுத்துவிடுவார்கள் என்று நம்பினேன்.

பௌர்ணமி அன்று காலை ஆறாவது முடிந்தது. மறுநாள் கூரியரில் போட வேண்டும். டெண்டுக்குள் வைத்தால் புழுக்கத்தில் தாள் நெளிந்துவிடும் என்று ஆறு பலகைகளையும் வேப்ப மரத்து நிழலில், தூரைச் சுற்றி வரிசையாகச் சாய்த்து வைத்தேன். அம்மா போன் செய்தாள். கிரிவலம் கிளம்பிவிட்டாளாம், சோறு கட்டி எடுத்து வருகிறாளாம். மரத்து அடையாளம் சொல்லிவிட்டு, நிலத்துக்காரரின் பம்ப் செட்டுக்குக் குளிக்கப் போனேன். ஒன்பது நாளில் முதல் தடவையாக அவசரமில்லாமல் குளித்தேன். தொட்டியில் உட்கார்ந்து பாடக்கூடச் செய்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா மரத்தடியில் வெறுங்காலோடு குந்தியிருந்தாள். கல்லின் மேல் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

“வந்துட்டியா கண்ணு. சாமிய இப்பிடியா மண்ணுல வெச்சிட்டுப் போவ? ஒரே தூசி. அடியிலதான் ஜாஸ்தி. எவ்ளோ தேச்சும் போவல, அப்பறம் பாட்டில் தண்ணி ஊத்தித் தேச்சேன். இப்பதான் போச்சு.”

ஆறையும் துடைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுச் சாமி படங்களை ஈரத்துணியால் துடைத்துப் பொட்டு வைப்பதைப் போல, ஒவ்வொன்றாக, ஒரு மூலை விடாமல். பச்சையும் நீலமும் கீழே இறங்கிச் சேறாகி நின்றன. ஒவ்வொரு உச்சியிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஈரத் தாளில் குங்குமம் மெல்லப் பரவிக்கொண்டே இருந்தது. எங்களுக்கு அந்த மலைதான் சாமி. மலையின் படம் என்றால் சாமி படம். அவள் துடைத்த சாமி படங்கள் எல்லாவற்றுக்கும் கண்ணாடி இருந்தது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதில் பாதி நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது.

“நாலு எழுத்து படிச்சிருந்தா தெரியும். கைநாட்டுக்கு என்னா தெரியும்?”

பாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கையிலிருந்த ஈரத்துணியை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“கண்ணாடி போட்டிருக்கும்னு நெனச்சிட்டேன்டா” என்றாள்.

பிறகு தூக்குப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். துணியை மடித்துப் பைக்குள் போட்டாள். கிரிவலத்தைப் பாதியில் விட முடியாது. பாதைக்குப் போய் கூட்டத்தோடு நடந்தாள். கூப்பிட்டிருந்தால் காதில் விழுந்திருக்கும். நான் கூப்பிடவில்லை.

சாயங்காலம் வரை புதுத் தாளில் முயன்றேன். மலை இருந்தது, வெளிச்சம் இருந்தது, கை ஓடவில்லை. கீழே வெறுமையாக விட வேண்டிய இடத்தில் பிரஷ் நின்றுவிடும். அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒருத்தி அழுத்தித் தேய்ப்பதுதான் தெரிந்தது. நான் மூட்டம் என்று நினைத்தது உண்மையிலேயே தூசி மாதிரிதான் இருந்ததோ? இதை அனுப்பியிருந்தாலும், ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பியவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்குமோ?

மறுநாள் நிலத்துக்காரர் வந்து பலகைகளைப் பார்த்தார்.

“மழ பேஞ்சுதா என்னா?”

“இல்லீங்க. எங்கம்மா தொடச்சிட்டாங்க.”

சிரிக்க வாய் திறந்தவர், பொட்டைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தாள்களை உரித்துக் கிழிக்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டார்.

“பொட்டு வெச்சதக் கிழிக்காதப்பா. கெணத்துல விட்டுடு.”

விட்டேன். ஆறும் கொஞ்ச நேரம் மிதந்தன. பலகைகளைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தேன். எதையும் அனுப்பவில்லை.

இப்போது வேங்கிக்காலில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறேன். கடையில் கொடுத்த நீல நிறச் சட்டை, அதன் பையில் கடைப் பெயர். அப்பாவுக்கு நிம்மதி. நான் சொன்ன சொல்லுக்கு அம்மா இன்றுவரை ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கக் குழாயடியில் உட்காரும்போது, என் சட்டையை மட்டும் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குரல் கொடுப்பாள்.

“இதுல தண்ணி படலாமாடா?”

குத்திக்காட்டுவதற்காக அல்ல. உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறாள். படலாம்மா என்கிறேன். அடுத்த வாரம் அதே சட்டையைத் தூக்கிப் பிடித்து மறுபடியும் கேட்கிறாள்.