றெக்கைக்கு மேலே எஞ்சின்

எண்பதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் ஆனது. பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். புகுந்த வீடு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்குப் பின்தெரு. என் வீட்டுக்காரருக்கு வடக்கே விமானப்படையில் டெக்னீசியன் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு லீவு முடிந்து ரயிலேறினார். எங்கள் அறை ஜன்னலோரம் ஒரு அட்டைப்பெட்டியை விட்டுப் போனார். அதில் பாதி ஒட்டிய பிளாஸ்டிக் விமானம் ஒன்று இருந்தது.

இப்படிப் பொம்மை விமானம் ஒட்டுவதில் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். லீவு முழுக்க பிளேடும் பசையுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கும் அந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. அவர் செய்ய நினைத்தது, படையில் தினமும் பழுது பார்க்கிற சரக்கு விமானத்தை. ஆனால் கடையில் அதே குடும்பத்துப் பயணிகள் விமானம்தான் கிடைத்திருந்தது. படையில் இருப்பதற்கு எஞ்சின்கள் றெக்கைக்கு மேலே தூக்கி நிற்கும். அதனால் பெட்டியில் வந்த எஞ்சின்களை அறுத்து மேலே ஏற்றி, இடுக்கில் பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்க்க வேண்டியிருந்தது.

"அடுத்த லீவுக்குள்ள பெயிண்ட் அடிச்சு வச்சிரு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹார்டுவேர் கடையில் வெள்ளையும் கறுப்பும் சின்ன டப்பாவாக வாங்கி, கலந்து சாம்பல் நிறம் பிடித்தேன். மில்லிலிருந்து பறந்து வரும் பஞ்சு ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்ததும் தேய்த்துவிட்டு மறுபடி அடிப்பேன். "ஒரு பொம்மைக்கு இம்புட்டுப் பாடா?" என்பார் அத்தை. மகன் ஆசைப்பட்டது என்பதால் அதற்கு மேல் சொல்லமாட்டார்.

ஒருநாள் காலையில் நான் விமானத்தின் அடிவயிற்றுப் பக்கம் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது, முன்னறை ரேடியோவில் செய்தி ஓடியது. விமானப்படையின் சரக்கு விமானம் ஒன்று மலைப்பகுதியில் விழுந்துவிட்டது, உள்ளே இருந்தவர்கள் கதி தெரியவில்லை என்றார்கள். அடுத்து மழையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாமா சட்டைப் பித்தானைப் போட்டபடியே சொன்னார்: "அது எங்கியோ. அவன் கீழ நின்னு ரிப்பேர் பாக்குதவன். ஓட்டுதவனா?"

அத்தை நேராக என் அறைக்கு வந்தார்.

"இதுதானாட்டி அது?"

"இந்த ஜாதிதான் அத்தை. ஆனா இது மாதிரி நெறைய இருக்கு."

"நீதான அதைச் செய்யுத. ஒனக்குத் தெரியும். அவன் இதுக்குள்ள ஏறுவானா?"

எனக்குத் தெரியும். விமானம் வெளியூர் போனால் டெக்னீசியன்களும் கூடப் போவார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறுவாவ அத்தை. வெளியூருக்குப் போனா கூடப் போவாவ."

"எங்க உக்காருவான்?"

பிரஷ் நுனியால் வயிற்றுப் பக்கத்தைக் காட்டினேன். ஓரமாக நீளத்துக்கு நாடா பின்னிய இருக்கை இருக்கும் என்றேன். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அதைத் தூக்கி வெளிய எறி" என்றார். நான் எழுந்ததுமே பதறிப்போய், "வேண்டாம், வேண்டாம். கீழ போட்டுராத. இங்க குடு" என்று வாங்கி, பழைய சேலையை மடியில் மடித்துப் போட்டு, அதன்மேல் வைத்துக்கொண்டார். பெயிண்ட் காயவில்லை. சேலையெல்லாம் சாம்பல் அப்பியது. நான் தடுக்கவில்லை. அதற்கு ஒரு கீறல் விழுந்தாலும் அங்கே அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று எனக்கும் தோன்றிவிட்டது.

மாமா மில்லுக்குப் போகவில்லை. டெலிபோன் ஆபீசில் வடக்கே பேச டிரங்கால் பதிந்துவிட்டு அங்கேயே கிடந்தார். லைன் கிடைக்கவில்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே தந்தி என்று வாசலுக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர் முகத்தை நினைத்துப் பார்த்தேன், சரியாக வரவில்லை. ஒரு லீவுக்குத்தானே கூட இருந்திருக்கிறேன். பசை காய்ந்து தோல் உரியும் அவருடைய விரல்கள் மட்டும் வந்தன. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் எதிர்வீட்டு நூல் வியாபாரியின் மனைவி வாசலில் நின்று கத்தினார்: "வடக்க இருந்து போன்! சீக்கிரம் வாங்க!" அப்போதுதான் வீடு திரும்பியிருந்த மாமா செருப்பில்லாமல் ஓடினார். அத்தை விமானத்தை என் கையில் திணித்து, "பிடிட்டி, பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே ஓடினார்.

நான் நடு அறையில் நின்றேன். கீழே வைக்கத் தைரியம் வரவில்லை, கையோடு ஓடவும் தைரியமில்லை. எதிர்வீட்டிலிருந்து அத்தை அழுகிற சத்தம் கேட்டது. அது எந்த அழுகை என்று எனக்குப் பிடிபடவில்லை. பேசுவது அவரா, ஆபீசரா?

மாமா படியில் வந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். "பேசுதான் தாயி! அவந்தான் பேசுதான்! ஓடியா!"

நான் போய்ச் சேர்வதற்குள் லைன் அறுந்துவிட்டது.

பொறவு லீவில் வந்தபோது என் வீட்டுக்காரரே சொன்னார். விழுந்த அந்த விமானத்தில் போக அவர் பெயர்தான் முதலில் போட்டிருந்ததாம். காய்ச்சலில் படுத்ததால் அறையில் கூட இருந்தவரை அனுப்பியிருக்கிறார்கள்; அந்த மனுஷன் திரும்பவில்லை. ஜன்னலோரம் இருந்த விமானத்தை இவர் அறை வாசற்படியில் நின்றே பார்த்தார். "நல்லா வந்திருக்கு" என்றார். கையில் எடுக்கவில்லை. அதோடு அவர் பிளேடையும் பசையையும் தொடுவதை விட்டுவிட்டார்.

குவார்ட்டர்ஸ் கிடைத்து நான் வடக்கே போனபோது அந்த விமானத்தை அத்தை தரமாட்டேன் என்றார். நானும் கேட்கவில்லை. தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரர் எனக்குப் பழைய உலகப்போர் விமானங்களின் பெட்டியாக வாங்கி வந்தார். அவற்றில் எதுவும் எங்கும் பறந்துகொண்டிருக்கவில்லை. நான் ஒட்டுவேன், அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு செய்முறைத்தாளை வாசிப்பார். அவர் வெளியூர் போகும் நாட்களில் மட்டும் நான் பிரஷைத் தொடுவதில்லை. தொட்டாலும் கோடு நேராக வராது.