ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தவர்

போர்ட் பிளேருக்கு வெளியே ஒரு குன்றின்மேல் சின்ன ரேடியோ தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அதை இயக்கும் கணினித் திரையை வடிவமைத்தவன் நான். புதிய திரையைப் பொருத்த மெயின்லேண்டிலிருந்து போனபோதுதான் அந்த ஆபரேட்டரைச் சந்தித்தேன். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை மடித்த காக்கிச் சட்டை, ஐம்பது வயதிருக்கும். திரையில் எந்தப் பட்டனை அழுத்தினாலும் உடனே எழுந்து ஜன்னலுக்குப் போய், வெளியே தொலைநோக்கியின் பெரிய வட்டத்தட்டான டிஷ் திரும்புகிறதா என்று பார்ப்பார். என் வேலையை அவர் நம்பவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் வருத்தம்.

மூன்றாம் நாள் மத்தியானம் கடல் பக்கம் கறுத்து வந்தது. பலத்த காற்றில் டிஷ் சாய்ந்திருந்தால் முறிந்துவிடும். அதை நேரே வானத்தை நோக்கி நிமிர்த்திவிட வேண்டும். அவர் பட்டனை அழுத்தினார். ‘நிமிர்ந்தது’ என்று திரை காட்டியது. நான் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் ஜன்னலுக்குப் போனார்.

“இதர் தேக்கியே சார்! இங்க பாருங்க, இன்னும் சாஞ்சேதான் இருக்கு.”

சொல்லிக்கொண்டே கீழே ஓடினார். டிஷ்ஷின் அடியிலிருந்த சுவிட்சை அழுத்திப் பிடித்து அதை நிமிர்த்திவிட்டார். அடுத்த நிமிஷமே மழையோடு காற்று வந்து கூரையை உலுக்கியது. டிஷ்ஷுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தவறு என்னுடையது. டிஷ் உண்மையில் திரும்பியதா என்று பார்க்காமல், கட்டளை போனதுமே வேலை முடிந்ததாகத் திரை காட்டும்படி எழுதியிருந்தேன். நனைந்து வந்தவரிடம் ஒப்புக்கொண்டேன்.

“டிஷ் பச் கயா சார், தப்பிச்சிருச்சு, அது போதும். நீங்க சரி பண்ணிருங்க” என்றார்.

அன்று சாயங்காலமே சரிசெய்தேன். அவர் பதிவேட்டில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். ‘பலத்த காற்று. டிஷ் நிமிர்த்தப்பட்டது. சேதமில்லை’ என்று மட்டும் இருந்தது. திரை தவறாகக் காட்டியதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. என்மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்டாரா, எழுதும் அளவுக்கு அது பெரிதாகத் தோன்றவில்லையா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.