மூன்றாம் பரிசு ரிப்பனுக்கு ஓர் இடம்

“என் வீட்டுல ஒரு வருஷம் பயன்படாம எதுவும் குந்தியிருக்க முடியாது. புருஷனா இருந்தாலும் சரி, தூக்கிக் கொண்டுபோய் வாசல்ல வச்சிருவேன்!”

ஜாய்லின் அம்மையார் இவ்வாறு திருவாய் மலர்ந்தருளியது லூத்தரன் தேவாலயக் கூடத்தில், பெண்கள் காலைத் தேநீருக்குக் கூடியிருந்தபோது. கையில் கிரீம் தடவிய ஸ்கோன் ரொட்டி இருந்ததால் பலரால் கைதட்ட இயலவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்கள். அம்மையாரின் கணவர் மெர்வ் பின்னால் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அன்று அவர் வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக அடுக்கினார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

அம்மையாருக்கு அலமாரிதான் தொழில். அடிலெய்டிலிருந்து மெர்வைக் கட்டிக்கொண்டு எங்கள் பரோசாப் பள்ளத்தாக்குக்கு வந்தவர். பிறர் வீட்டுச் சரக்கறைக்குள் புகுந்து, இருப்பதையெல்லாம் தரையில் கொட்டி, பாதியைக் குப்பைக்கு அனுப்பி, மீதியை ஒரே உயரக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, ஒவ்வொன்றின் நெற்றியிலும் பெயர்ச்சீட்டு ஒட்டிவிட்டு வருவார். அதன்பிறகு அந்த வீட்டுக்காரி தன் சர்க்கரையைத் தானே எடுக்கப் பயந்து, கடையில் போய்த் தேநீர் குடிப்பாள். அம்மையாரின் சொந்தச் சரக்கறையோ உலக அதிசயம். அங்கே பெயர்ச்சீட்டு அச்சடிக்கும் கருவியின் மேலேயே ‘பெயர்ச்சீட்டுக் கருவி’ என்று ஒரு பெயர்ச்சீட்டு உண்டு.

அவருக்கு ஜென்மப்பகை பரிசுப் பொருள்கள்மீது. “கப்பு, மெடல், ரிப்பன், இதெல்லாம் அலமாரிக்குப் பிடிச்ச மலச்சிக்கல். ஒரு போட்டோ எடுத்துக்க, தூக்கிப் போடு” என்பது அவர் உபதேசம்.

இந்த உபதேசம் கிளம்பும்போது மெர்வின் அக்கா வெர்னா கூடத்தை விட்டு எழுந்து போய்விடுவாள். வெர்னா டில் கீரை போட்டு உப்புநீரில் ஊறவைக்கும் வெள்ளரிக்கு, ஊர் ஷோ என்னும் விவசாயக் கண்காட்சியில் வருஷந்தோறும் ரிப்பன் கிடைத்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் ஒருவருடைய திராட்சைத் தோட்டத்தைக் குறை சொல்லலாம், பாதிரியாரின் பிரசங்கத்தைக் குறை சொல்லலாம். வெள்ளரி ஜாடியைக் குறை சொன்னால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

அந்த வெர்னா கோழிக்கூட்டில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கவேண்டும். மெர்வ் அக்கா வீட்டுச் சாவியை மனைவியிடம் நீட்டினார்.

“நடைவண்டி போற அளவுக்கு வழி பண்ணு ஜாய். அது போதும்.”

சிங்கத்திடம் ஆட்டுப்பட்டிச் சாவியைக் கொடுத்து, கதவுக்கு மட்டும் எண்ணெய் போடு என்று சொன்ன மாதிரி. அம்மையார் வழி பண்ணினார். பிறகு சரக்கறையைப் பண்ணினார். அங்கே வரிசையாக நின்ற வெள்ளரி ஜாடிகளில் தண்ணீர் பால் மாதிரி கலங்கியிருந்தது. மோந்து பார்த்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் கழுவுதொட்டியில் கவிழ்த்தார். பிறகு படுக்கைத்துணி அலமாரியைப் பண்ணினார். விரிப்புகளுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா. திறந்தால் உள்ளே திணித்துத் திணித்து வைத்த ரிப்பன்கள். முறைப்படி பரப்பி வைத்து போட்டோ எடுத்தார். டப்பாவோடு தெருவோரக் குப்பைத் தொட்டியில் போட்டார். திங்கட்கிழமை நகராட்சி வண்டி வந்து அள்ளிப்போனது. செவ்வாய்க்கிழமை வெர்னா வந்தாள்.

சரக்கறைக் கதவைத் திறந்தவள் நடைவண்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“ஜாடியெல்லாம் எங்கடி?”

“எல்லாம் கெட்டுப்போயிருந்துது வெர்னா. தண்ணி கலங்கிப்போய்...”

“கலங்கினாத்தாண்டி அது வெள்ளரி! தெளிவா இருந்தா அது மீன் தொட்டி!”

அம்மையார் பேச்சை மாற்றப் படுக்கைத்துணி அலமாரியைத் திறந்து காட்டினார். விரிப்புகள் ராணுவ அணிவகுப்புப்போல நின்றன. வெர்னா அவற்றுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். வெறுங்கை வெளியே வந்தது.

“அதை அழகா போட்டோ எடுத்து வச்சிருக்கேன். பிரேம் போட்டுத் தரட்டுமா?”

வெர்னா அலமாரிக் கதவை அறைந்து சாத்தினாள்.

“உன் கல்யாணத்துக்கு என் போட்டோவ அனுப்பியிருக்கணும்டி. மெனக்கெட்டு நேர்ல வந்தேன் பாரு.”

“வெறும் துணித்துண்டு வெர்னா. அதுக்குப் போய் கண் கலங்கறீங்களே.”

“கண்ணு கலங்கல. உன்னை எந்தத் தொட்டியில கவுக்கறதுன்னு பாக்கறேன்.”

மெர்வ் இடையில் புகுந்து, “அக்கா, அவ நல்லது நெனச்சுத்தான்...” என்றார். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் “நீ சும்மா இரு” என்றார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

“சொந்தமா ஒரு ரிப்பன் வாங்கிட்டு வந்து பேசுடி. அடுத்தவளோடத அள்ளிப் போடறதுக்கு வண்டிக்காரன் இருக்கான், நீ எதுக்கு?”

“வாங்கறேன். வாங்கி, உங்க கண்ணு முன்னாடியே குப்பைத் தொட்டியில போடறேன். அப்பவாச்சும் அது குப்பைன்னு ஒத்துக்குவீங்களா?”

“நீ போட்டா, இந்த வீட்டுச் சாவிய உனக்கே தர்றேன். எதை வேணா அள்ளு. கை நடுங்கிச்சுன்னா, சர்ச் கூடத்துல எழுந்து நின்னு, எனக்கு அலமாரியும் தெரியாது ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லணும். சம்மதமா?”

“சம்மதம்.”

செய்தி மதியத்துக்குள் ஊரைச் சுற்றியது. அலமாரி அடுக்கக் கூப்பிட்டிருந்த ஒருத்தி இந்த வாரம் வரவேண்டாம் என்றாள். இன்னொருத்தி ஷோ முடியட்டும் என்றாள். அம்மையாரின் தொழிலே அந்த ரிப்பனில் தொங்கியது.

வெள்ளரி ஊறவைப்பது எப்படி என்று கேட்ட இடத்திலெல்லாம் எங்கள் பெண்கள் அன்பாகச் சிரித்து, வானிலையைப் பற்றிப் பேசினார்கள். அம்மையார் தானாகவே பிஞ்சு வெள்ளரி வாங்கினார், டில் பூங்கொத்து வைத்தார், திராட்சை இலையால் மூடி உப்புநீர் ஊற்றினார். ‘வெள்ளரி’ என்று சீட்டு ஒட்டி, மாவுக்கும் சர்க்கரைக்கும் நடுவே குடியமர்த்தினார். இரண்டொரு நாளில் அது குமிழி விட்டது. பிறகு கலங்கியது. பிறகு மூடியைத் தாண்டி வழிந்து, வெள்ளை வெளேரென்ற அலமாரித் தட்டில் ஒரு குட்டையே கட்டியது.

“அது பொங்குது ஜாய்.”

“எனக்கும் கண்ணு இருக்கு.”

துடைப்பார், மறுபடி வழியும். அதைத் தொட்டியில் கவிழ்க்கக் கை பரபரக்கும். ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொள்வார். நாளாவட்டத்தில் காலையில் எழுந்ததும் சரக்கறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஜாடிமுன் நிற்பதை மெர்வ் கவனித்தார்.

“எங்கிட்டகூட நீ இவ்வளவு நேரம் நின்னு பேசினதில்ல.”

“நீ என்னிக்குப் பொங்கியிருக்க?”

ஷோ நாள் வந்தது. புதியவர் பிரிவில் நான்கு ஜாடிகள். அதில் ஒன்று காரிலேயே மூடியைப் பிய்த்துக்கொண்டு இருக்கையெல்லாம் நனைத்ததால், மேஜைக்கு வந்தவை மூன்று. தன் ஜாடிகள் சாக்கடையில் போனதால் போட்டியிட முடியாத வெர்னா, முடிவை அறிவிக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கி, மேஜைப்பக்கம் நடைவண்டியோடு வீற்றிருந்தாள். நடுவர் அம்மையாரின் வெள்ளரியைக் கடித்தார். ‘களக்’ என்று ஒரு சத்தம். “நல்ல மொறுமொறுப்பு” என்றவர், சற்றுக் கழித்து, “உப்பு தூக்கல்” என்றார். ஜாய்லினின் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது.

வெர்னா கூடம் அதிர அறிவித்தாள். “மூணாம் பரிசு, ஜாய்லின்! மூணு பேர்ல!”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மஞ்சள் ரிப்பனை இரண்டு விரலால் பிடித்து நீட்டினாள். “வா, வெளிய தொட்டி காலியாத்தான் இருக்கு.”

கூட்டமே பின்னால் வந்தது. வாசலில் இருந்த பீப்பாய்த் தொட்டிமுன் ஜாய்லின் நின்றார். ரிப்பனில் தங்க எழுத்தில் அச்சடித்திருந்ததை ஒருமுறை படித்தார். பிறகு முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் உள்ளே போட்டார்.

“பாத்தீங்களா? கை நடுங்குச்சா?”

“இல்லடி. கைல ரத்தம் ஓடினாத்தான நடுங்கும்.” வெர்னா செத்த எலியைப் போடுவதுபோலச் சாவியை அவர் உள்ளங்கையில் போட்டாள். “இந்தா. இதுக்கும் ஒரு சீட்டு ஒட்டிக்க.” நடைவண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

பெண்கள் வந்து கைகுலுக்கினார்கள். நாளைக்கே வரச்சொல்லி இரண்டு வீடுகள் கேட்டன. ஜாய்லின் வெற்றித் தேநீரை ஆறவைத்துக்கொண்டே, தொட்டிக்குள் சாசேஜ் தாள்கள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவன் பாதி தின்ற டோனட்டை எறிந்தபோது அவருக்கு எங்கேயோ சுருக்கென்றது. மரம் வெட்டும் போட்டி தொடங்கிவிட்டதாக ஒலிபெருக்கி கத்தியதும் கூட்டம் அந்தப் பக்கம் ஓடியது.

தொட்டிப் பையை மாற்றவந்த ஆள், முழங்கைவரை கையை விட்டிருந்த அம்மையாரைப் பார்த்துத் திகைத்தார்.

“என்னம்மா தேடறீங்க?”

“கார் சாவி விழுந்துருச்சு.”

“கையிலயே இருக்கே.”

“இது வேற வீட்டு... இது வேற.”

வீட்டில் மெர்வ் பார்க்காத நேரத்தில் ரிப்பனை அலசினார். தக்காளி சாஸ் கறை முழுக்கப் போகவில்லை. மேலே துண்டு போட்டு இதமாக இஸ்திரி போட்டார். பிறகு சரக்கறையைத் திறந்தார். எங்கே பார்த்தாலும் சீட்டு. எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது, இதற்கு ஓர் இடமில்லை. கிராம்பு டப்பாவில் இருந்த கிராம்பையெல்லாம் குப்பையில் கொட்டினார். ரிப்பனைச் சுருட்டி உள்ளே வைத்தார்.

முன்னறையிலிருந்து குரல் வந்தது. “நிஜமாவே போட்டுட்டியா ஜாய்? நான்கூட நம்பல.”

“போட்டாச்சு, போட்டாச்சு.”

டப்பாவின் நெற்றியிலிருந்த சீட்டை நகத்தால் கிள்ளி உரித்தார். பின் வரிசைக்கும் பின்னால் தள்ளிவிட்டு, மாவு ஜாடியை இழுத்து அதன்முன் நிறுத்தினார்.