டிக்கியில் இரண்டு தேக்சா

பஷீரா அக்கா காரின் பின்சீட்டில் மண்டியிட்டு, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, அதன் அடிப்பகுதியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துகொண்டிருந்தார். காரை விற்கும் மோகன்ராஜ் வெளியே நின்று தன் மனைவி வினிதாவைப் பார்த்தார். வினிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய் மோர் எடுத்துவந்தார். அந்த மோரையும் அக்கா முகர்ந்துவிட்டுத்தான் குடித்தார்.

அவர் அப்படித்தான். அனகாபுத்தூரில் அவருடைய சமையல்கூடத்தில் வெங்காயம் நறுக்கச் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கிறேன். அரிசி மூட்டையில் முழங்கைவரை கையை விட்டு, ஒரு பிடி அள்ளி முகர்வார். எண்ணெய் டின்னைத் திறந்தால் முதலில் மூக்கு, பிறகுதான் கரண்டி. கறிக்கடைக்காரர் அவர் தலையைப் பார்த்ததுமே, உள்ளே தொங்கும் கறியை எடுத்து வெளியே வைத்துவிடுவார். "கண்ண ஏமாத்திடலாம் நாயகி. என் மூக்க ஏமாத்த ஒருத்தன் இனிமே பொறந்து வரணும்" என்பார் என்னிடம். வேறு யாரையும் முகர்ந்து பார்க்கச் சொல்லமாட்டார். உப்பைக்கூட என்னைப் பார்க்கச் சொல்வார். வாசனை மட்டும் அவருடையது.

ஐம்பதைத் தாண்டியவர். குள்ளமான உருவம், வேகமான நடை. துப்பட்டாவின் ஒரு முனை எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும். கவலை வந்தால் அந்த முனையை உருவி விரலில் சுற்றுவார், அவிழ்ப்பார், மறுபடி சுற்றுவார். இந்த மாதம் முழுக்க அது இடுப்பில் இருந்ததை நான் பார்க்கவில்லை.

காரணம் கீழ்க்கட்டளையில் ஒரு பெண்கள் விடுதி. திங்கட்கிழமையிலிருந்து தினமும் மதியச் சாப்பாடு அங்கே போக வேண்டும். இவ்வளவு பெரிய வேலை அக்காவுக்கு இதுவரை வந்ததில்லை. அடுப்படியில் இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியும் வைத்துவிட்டார். ஆனால் சோற்றை ஏற்றிப்போன ஆட்டோக்காரர் துரைராஜ் ஏதோ கம்பெனிக்கு வண்டி ஓட்டப் போய்விட்டார். இனி அக்காவே ஓட்ட வேண்டும். பெட்ரோல் போட்டு இத்தனை தூரம் தினமும் போய்வந்தால் கட்டுப்படியாகாது. ஆகவே கரண்ட் கார். புதியது கைக்கு எட்டாது. ஆகவே பழையது. சேலையூரில் இந்தக் கார்.

அக்காவுக்கு முன்பு ஒரு வேன் இருந்தது. ஆற்று வெள்ளம் எங்கள் தெருவுக்குள் வந்த வருடம் அது கூரைவரை மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்த பிறகும் சேற்றின் வாடை போகவில்லை. சாக்கடையும் துருவும் ஊறிய தோலும் கலந்த மாதிரி ஒரு வாடை. என்ன போட்டுக் கழுவினாலும் எங்கள் வீடுகளில் பொங்கல்வரை நின்றது. மெக்கானிக் வேனைப் பிரித்து, காயவைத்து, ஓடவைத்தார். நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு நிக்காஹ் நாளில், பல்லாவரம் பாலத்தின்மேல், கல்யாணச் சாப்பாட்டோடு நின்றுவிட்டது. மண்டபத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பேர் எழுந்து போயிருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் திட்டவில்லை. அக்காவைப் பார்க்காமல் பிரியாணிப் பாத்திரங்களை, அந்த தேக்சாக்களை மட்டும் பார்த்தார்.

"தண்ணில நின்ன வண்டி நல்லாத்தான் ஓடும் நாயகி. என்னிக்கி நிக்கும்னு மட்டும் சொல்லாது."

அதனால்தான் சீட் பெல்ட். மேலே துடைத்துவிடுவார்களாம், சுருளுக்குள்ளே தங்கிய சேற்றை யாரும் துடைக்கமாட்டார்களாம். இந்தக் காரின் பெல்ட் சுத்தமாக இருந்தது.

"புதுசு மாதிரி கீதே தம்பி?"

"நாங்க பின்னாடி உக்காந்ததே இல்லக்கா. நானும் இவளும்தான்" என்றார் மோகன்ராஜ். கம்ப்யூட்டர் வேலை. பொறுமையான மனிதர். போனில் ஒரு தாளைக் காட்டினார். "பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட். சர்வீஸ் சென்டர்ல எடுத்தது. நல்லா இருக்கு, பாருங்க."

"பேட்டரி எங்க கீது?"

"கீழதான். ஃப்ளோருக்கு அடியில."

அக்கா குனிந்து காரின் அடியைப் பார்த்தார். தரைக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. துப்பட்டா முனை விரலில் இரண்டு சுற்று சுற்றியது. சார்ஜில் போடச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துப் பிளக்கைப் பிடுங்கி, அதன் பற்களை முகர்ந்தார். பொசுங்கல் வாடை இல்லை. ஏசியைப் போட்டு, காற்று வரும் ஓட்டையில் முகத்தை வைத்தார். ஏதோ வாசனைத் திரவியம் அடித்தது. தும்மினார்.

பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நாங்கள் வந்த ஆட்டோவிலிருந்து இரண்டு பிரியாணி தேக்சாக்களை இறக்கினேன். வாசல் குழாயில் தண்ணீர் பிடிக்கத் தொடங்கினோம்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"டெஸ்ட் டிரைவு. வெறும் வண்டி யாருக்குத்தான் ஓடாது? சோத்து வெயிட்டு ஏத்திக்கினு ஓடணும்ல?"

"டெஸ்ட் டிரைவுக்குப் பாத்திரத்தோட வந்த மொத ஆள் நீங்கதான்!"

"நான் இன்னா பீச்சுக்குக் காத்து வாங்கவா போறேன்?"

மூடிகளைத் துணியால் கட்டினோம். நான்கு பேர் சேர்ந்து தூக்கி டிக்கியில் வைத்ததும் கார் பின்பக்கம் லேசாக அமுங்கியது. அக்கா "பிஸ்மில்லா" சொல்லி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். பக்கத்தில் மோகன்ராஜ். தேக்சாக்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு பின்னால் நான்.

கேம்ப் ரோடு நெரிசலில் அவர் முதுகு இருக்கையில் படவே இல்லை. மேடவாக்கம் தாண்டியதும்தான் மூச்சு விட்டார். சத்தமே இல்லாமல் போகும் வண்டி அவரைப் பயமுறுத்தியது. "ஓடுதா நின்னுக்கினு கீதா, ஒண்ணும் புரியலையே" என்றார். ஆனால் கீழ்க்கட்டளை விடுதி வாசலைத் தொட்டுத் திரும்பும்போது திரையில் பேட்டரி அளவைப் பார்த்தார். ஏசியும் ஓடி, இவ்வளவு பாரமும் ஏற்றி, கொஞ்சம்தான் குறைந்திருந்தது. மோகன்ராஜிடம் காட்டினார், என்னிடமும் காட்டினார். அப்போதே விடுதிப் பொறுப்பாளர் நித்யஸ்ரீ போனில் வந்தார். அக்கா வண்டியை ஓரம்கட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, மண்டே கன்ஃபார்ம்தானே? இல்லன்னா சொல்லிடுங்க, இன்னொருத்தர் கேட்டுட்டே இருக்கார்."

"வந்துடும்மா. வண்டிலதான் உக்காந்துகினு கீறேன்" என்றார் அக்கா. துப்பட்டா முனையை இடுப்பில் செருகினார். இந்த மாதத்தில் முதல் தடவை.

மோகன்ராஜின் தெருமுனையில் ஒரு வேகத்தடை. அக்கா எப்போதும் சோறு ஏற்றிப் போகும் வேகத்திலேயே அதில் ஏறினார். சோறு தேக்சாவோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். தண்ணீர் அப்படி உட்காராது. வாழ்நாள் முழுக்கச் சோறு சுமந்தவருக்கு அது நினைவு வரவில்லை, எனக்கும் வரவில்லை. கட்டியிருந்த துணி நழுவி, மூடி எகிறி, ஒரு குடம் தண்ணீர் டிக்கியில் கொட்டியது.

"அக்கா! கரண்ட் வண்டிக்கா!" மோகன்ராஜ் அலறிவிட்டார்.

வாசலில் நிறுத்தியதும் அக்கா ஓடிவந்து டிக்கியைத் திறந்தார். "மன்னிச்சுக்கோ தம்பி, என் தப்பு, என் தப்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்தவர் பொருளைக் கெடுத்துவிட்டோமே என்ற பதற்றம் அவருக்கு. தேக்சாக்களை இறக்கினோம். வினிதா பழைய துண்டைக் கொடுத்தார். மேலே இருந்த விரிப்பு புதியது, அதை அக்கா உருவினார். அதற்கு அடியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. துண்டை அழுத்தித் துடைத்துப் பிழிந்தார்.

பழுப்பாக விழுந்தது.

மறுபடி துடைத்தார். மறுபடியும் பழுப்பு. பள்ளத்தின் மூலையில், திருகாணிகளைச் சுற்றி, மாவு மாதிரி நைஸான மண் அப்பியிருந்தது. இப்போது நனைந்து குழைந்துகொண்டிருந்தது.

"தூசியா இருக்கும்க்கா" என்றார் மோகன்ராஜ். பிறகு அவரே குனிந்து பார்த்தார். "நான் ரெண்டாவது ஓனர். இந்தக் கார்பெட்ட நான் தூக்கிப் பாத்ததே இல்ல. சத்தியமா." வினிதா அவரைப் பார்க்கவில்லை, அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா சுட்டுவிரலால் அந்தச் சேற்றைத் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். விரலை விலக்கினார். காற்றில் கையை உதறிவிட்டு, மீண்டும் தொட்டு, மீண்டும் முகர்ந்தார். சீட்டில் கிடந்த போன் நித்யஸ்ரீயின் பெயரோடு ஒளிர்ந்து, அடித்து, ஓய்ந்தது. இடுப்பிலிருந்து துப்பட்டா முனை எப்போது வெளியே வந்ததென்று தெரியவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ பாரு நாயகி" என்று, கண்களை இறுக மூடிக்கொண்டு, அந்த விரலை என் மூக்கருகே நீட்டினார்.